தையல் இயந்திரம் இல்லாமல் பழைய புடவைகளில் போர்வை தைப்பது எப்படி?

அலமாரியில் பத்துப் பன்னிரண்டு பழைய பருத்திப் புடவைகளும் தந்தையாரின் வேட்டிகள் சிலவும் சேர்ந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். தையல் இயந்திரம் இல்லாமல் அவற்றைப் போர்வையாகத் தைக்க முடியுமா, அதன்மேல் அப்ளிக் வேலை (துணியில் வடிவங்களை வெட்டி ஒட்டுத் தைப்பது) செய்யலாமா, கண்பார்வை மங்கிய தாயாரும் உடன் அமர்ந்து தைக்க வழியுண்டா, கடையில் விற்கும் குவில்டிங் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தல்) பெட்டி ஒன்றை வாங்கித் தொடங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பெட்டி வாங்க வேண்டாம். உங்கள் அலமாரியில் இருப்பதைவிட நல்ல துணி கையால் தைப்பவருக்குக் கடையில் கிடைக்காது.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க முறையைப் பின்பற்றுபவை. புதிய துணியைச் சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் அளந்து வெட்டி, ஒவ்வொன்றையும் கால் அங்குல ஓரம் விட்டு இணைத்து, மேல்துணி முழுவதும் உருவான பிறகே அடியில் பஞ்சு அடுக்கும் பின்துணியும் வைத்துத் தைக்கச் சொல்வார்கள். அது அழகான முறைதான். ஆனால் முதன்முதலாக ஊசி பிடிப்பவரை அது கடுமையாகச் சோதிக்கும். ஓர் இணைப்பில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு இணைப்புகள் சேரும்போது அதுவே முக்கால் அங்குலமாகி, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். பலர் அந்த இடத்திலேயே மனம் சோர்ந்து துணியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். கைத்தையலின் உண்மையான இன்பம், அதாவது அடுக்கிய துணிகளின் ஊடே ஊசி ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் அந்த அனுபவம், அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

நம் துணைக்கண்டத்தின் வழி இதற்கு நேர்மாறானது. வங்காளத்தில் கந்தா என்றும், நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் கவுதி என்றும் வழங்கும் போர்வைகளில், பழைய துணிகளை அடுக்கிவைத்து முதல் நாளிலிருந்தே தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கந்தா என்னும் சொல்லைக் கேட்டதுமே நமக்குக் கந்தை நினைவுக்கு வரும். பொருளிலும் அது வெகுதூரத்தில் இல்லை. உடுத்தித் தேய்ந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, அந்த நூலால் ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்லும் நேர் வரித் தையல்) போட்டு வங்காளத்துப் பெண்கள் அவற்றை உருவாக்கினார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றவும், விருந்தினரை அமர்த்தவும், புத்தகங்களையும் நகைகளையும் பொதிந்து வைக்கவும் அவரவர் வீட்டில் தைத்துக்கொண்ட பொருள்கள் அவை. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் திரட்டிய கந்தாக்கள் இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் நுணுக்கமானவற்றைப் பார்த்து நாம் மலைத்துப்போக வேண்டியதில்லை. தாமரையும் யானையும் மீனும் நிறைந்த அந்தத் துணிகளுக்கும், குழந்தைக்கு விரித்த எளிய கந்தைக்கும் அடிப்படை ஒரே தையல்தான்.

இனி உங்கள் துணிகளுக்கு வருகிறேன். முதலில் பட்டுப் புடவைகளையும் ஜரிகைப் புடவைகளையும் தனியே எடுத்து வையுங்கள். பழைய பட்டு மடிப்பு வாக்கிலேயே பிளந்துகொள்ளும். ஜரிகை உடம்பில் உறுத்தும். பாலியஸ்டர் கலந்தவையும் வேண்டாம். அவை அடுக்குக்குள் வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. எஞ்சும் பருத்திப் புடவை ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரு கட்டைவிரல்களுக்கு இடையே துணியை இறுக்கி இழுத்துச் சோதியுங்கள். புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்துபோவதில்லை. கால் பக்கத்துக் கரையோரம் முதலில் தேயும். இடுப்பில் செருகும் பகுதி அடுத்து நையும். முந்தானை மட்டும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் திடமாக இருக்கும். திடமான பகுதிகள் மேலும் கீழும் வரட்டும். நைந்த பகுதிகளை எறிந்துவிடாதீர்கள். இரண்டு நல்ல துணிகளுக்கு நடுவே அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அளவைப் பொறுத்தவரை நம் உடைகளே நமக்கு உதவி செய்கின்றன. புடவை ஐந்தரை மீட்டர் என்றால் பதினெட்டு அடி. அகலம் ஏறத்தாழ 45 முதல் 47 அங்குலம். அதை மூன்றாக வெட்டினால் ஆறடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் உள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒருவர் போர்த்திக்கொள்ள அந்த அளவு போதுமானது. எட்டு முழ வேட்டி பன்னிரண்டு அடி. அதை இரண்டாக மடித்தால் அதே ஆறடி. ஆகவே ஒரு புடவைத் துண்டு மேலே, மடித்த வேட்டி நடுவில் இரண்டு அடுக்காக, இன்னொரு புடவைத் துண்டு கீழே என்று வைத்தால் நான்கு அடுக்குப் போர்வைக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது; மூன்றாவது புடவைத் துண்டு அப்ளிக் வேலைக்கு மிஞ்சும். வேட்டி புடவையைவிட அகலமாக இருக்கும். எனவே அதை நான்கு பக்கமும் புடவையைவிட அரை அங்குலம் உள்ளடங்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். புடவையின் இரு கரைகளும் போர்வையின் நீண்ட ஓரங்களில் அமைந்துவிடுவதால் அங்கே துணி பிரியாது. குறுகிய இரண்டு முனைகளை மட்டும் உள்ளே மடித்துத் தைத்தால் போதும்.

நம் சமவெளிகளில் இந்த நான்கு அடுக்கே மார்கழிக்குப் போதும். உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் நடுவில் ஒரு பழைய ஃபிளானல் துணி சேர்த்துக்கொள்ளலாம். இலவம்பஞ்சை வைத்துத் தைக்கலாமா என்று பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளாது. தலையணையில் அது நன்மை. போர்வையில் இரண்டு தையல் வரிகளுக்கு இடையே நகர்ந்து உருண்டையாகிவிடும்.

துணிகளை அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றின் சாயத்தையும் சோதிப்பது கட்டாயம். பல ஆண்டுகள் துவைத்த புடவையில் சாயம் போகாது என்று எண்ணி, அதிகம் உடுத்தாத ஒரு சிவப்புச் சுங்குடியை வெள்ளை வேட்டிகளோடு சேர்த்து நான் தைத்தேன். மூன்று மாத உழைப்பு. முதல் சலவையிலேயே வேட்டிகள் முழுவதும் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு ஏறியது. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு புடவையின் மேலும் அழுத்தித் தேய்த்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. சாயம் ஒட்டினால் அந்தப் புடவையைத் தனியே பலமுறை அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை தைக்க எடுக்காதீர்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் அதைக் கருநிறத் துணிகளோடு மட்டும் சேருங்கள்.

ஊசியையும் நூலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்ப்ராய்டரி ஊசி ஏழாம் எண்ணோ எட்டாம் எண்ணோ இந்த வேலைக்குப் பொருந்தும். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். நூலுக்கு ஆறு இழை கொண்ட பருத்தி எம்ப்ராய்டரி நூலை வாங்கி, மூன்று மூன்று இழைகளாகப் பிரித்துப் பயன்படுத்துங்கள். பருத்தி நூல்தானா என்ற ஐயம் எழுந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து மிருதுவான சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியஸ்டர் நூல் வலுவானது என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் நைந்த பருத்தித் துணியில் வலுவான நூல் துணியையே அறுக்கும். ஒன்று அறுபட வேண்டுமென்றால் நூல் அறுபடட்டும், அதை மீண்டும் தைத்துக்கொள்ளலாம். ஊசியில் கோக்கும் நூலின் நீளம் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம். நீள நூல் ஒவ்வொரு தையலிலும் துணியில் உராய்ந்து பஞ்சாகி, முடிவில் சிக்கலாகும். திம்பிள் எனப்படும் விரலுறையை நடுவிரலில் அணிந்துகொள்ளுங்கள். முதல் நாள் அது இடைஞ்சலாகத் தோன்றும், மூன்றாம் நாள் அது இல்லாமல் கை ஓடாது.

துணியை அடுக்கிப் பிடிப்பதில் அவசரப்பட்டால் பின்னால் வருந்த நேரும். நன்றாகப் பெருக்கித் துடைத்த தரையில் அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, மூலைகளில் கனமான புத்தகங்களை வையுங்கள். அதன்மேல் வேட்டி அடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் நீக்குங்கள். மேல்துணியையும் அப்படியே விரித்தபின், சாதாரண வெள்ளைத் தையல்நூலால் இரண்டு அங்குல நீளத்துக்குப் பெரிய பெரிய தையல்களாக, வரிக்கு வரி அரைச் சாண் இடைவெளியில், குறுக்கும் நெடுக்கும் தற்காலிகமாகத் தைத்துவிடுங்கள். இதற்கு ஒரு முழு மாலை செலவாகும். குண்டூசிகளால் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். மடியில் வைத்துத் தைக்கும்போது அவை கையைக் கிழிப்பதோடு, துணி நகர்வதையும் தடுக்காது.

இனித் தையல். நூலின் முனையில் முடிச்சுப் போட்டால் பழைய துணியின் தளர்ந்த நெசவில் அது நழுவி வெளியே வந்துவிடும். அதனால் மேல்துணிக்குள் ஓர் அங்குலம் தள்ளி ஊசியைச் செருகி, நூலின் வாலை அடுக்குக்குள்ளேயே விட்டு, அதே இடத்தில் இரண்டு முறை பின்தையல் (ஊசியைப் பின்னோக்கி இறக்கிப் போடும் தையல்) போட்டுத் தொடங்குங்கள். வரியின் முடிவிலும் அவ்வாறே. ஓர் அங்குலத்துக்கு நான்கோ ஐந்தோ தையல் விழுந்தால் போதும். பத்துத் தையல் போடுகிறவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். தையல் சிறியதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு இனியது, அந்த ஒரே அளவும் முதல் பத்து வரிகளுக்குப் பிறகு கைக்குத் தானாகவே வந்து சேரும். நடுவில் ஒரு நீண்ட வரியைத் தைத்து, பின்னர் இரு பக்கமும் மாறி மாறி ஓரத்தை நோக்கிச் செல்லுங்கள். துணியில் மிஞ்சும் உப்பல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். நூலைச் சற்றே இழுத்துவிட்டால் துணியில் சிற்றலைபோல் ஒரு நெளிவு தோன்றும். கந்தாவின் உயிர் அந்த நெளிவில் இருக்கிறது. இஸ்திரி போட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

எவ்வளவு காலமாகும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. வரிக்கு வரி ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் 45 வரிகள் வரும். ஆறடி வரி ஒன்றைத் தைக்கப் புதியவருக்கு ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். மொத்தம் 19 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒன்றரை முழ நூல் ஊசிகள் வரிக்கு நான்கு வீதம் செலவாகும் என்று கணக்கிட்டால், எட்டு மீட்டர் நூல் சிட்டங்கள் (கட்டுகள்) எட்டு வாங்கினால் போதும். வரிகளை அரை அங்குலமாக நெருக்கினால் எல்லாம் இரட்டிப்பாகும். போர்வை விறைப்பும் உறுதியும் பெறும். முதல் போர்வைக்கு ஓர் அங்குலமே தக்கது என்பது என் கருத்து.

இதில் கை பழகியபின் இரண்டாவது வேலையாகக் கவந்தி தைக்க உங்களைத் தூண்ட விரும்புகிறேன். வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்களின் போர்வை அது; அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்திப் பெண்கள் அடியில் ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கிழிந்த உடுப்புகளின் துண்டுகளை ஓரம் மடித்து ஒவ்வொன்றாக வைத்து, வைத்தவுடனேயே ஓட்டுத்தையலால் அடித்துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போர்வையைச் சுற்றி வருகிறார்கள். தையல் வரிகள் ஓரத்திலிருந்து சுருண்டு சுருண்டு நடுவை அடையும்போது போர்வை முடிகிறது. முன்வரைவும் அளவும் ஏதுமில்லை. கையில் கிடைத்த அடுத்த துண்டு எது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. முடிவில் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். பூலா இல்லாத கவந்தி ஆடையில்லாதது போன்றது என்பது அவர்கள் கருத்து. ஒட்டும் அடுக்கும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் அப்ளிக்கும் குவில்டிங்கும் இதில் வெவ்வேறு வேலைகள் அல்ல. கற்பனையை அளவுகோலுக்குக் கட்டுப்படுத்த விரும்பாதவர்களுக்கு இதைவிட விடுதலை தரும் கைத்தொழில் வேறு எதையும் நான் அறியேன்.

கோணல்மாணலாக வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வயல்வேலைக்கு அணிந்து தேய்ந்த உடைகளிலிருந்து தைத்த குவில்ட்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டப்பட்டன. 2006-இல் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. அவற்றின் கோடுகளில் பல நேரானவை அல்ல.

இப்போது அப்ளிக். இது நமக்கு அயலான கலை அன்று. தேர்த் திருவிழாவில் தேரின் மேல் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் அருகில் சென்று பார்த்தால், யாளியும் தாமரையும் கிளியும் வண்ணத் துணியில் வெட்டி ஒட்டுத் தைக்கப்பட்டிருப்பது தெரியும். ஒடிசாவில் பூரிக்கு அருகேயுள்ள பிப்பிலி என்னும் ஊர் இக்கலைக்கே பெயர்பெற்றது. பூரி ஜெகந்நாதர் தேர்த் திருவிழாவில் ஜெகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேருக்குச் சிவப்பும் கறுப்புமாகத் துணி போர்த்தப்படும். தூரத்திலிருந்து பார்க்கும் கூட்டத்துக்கு எந்தத் தேர் யாருடையது என்று நிறமே சொல்லிவிடும். அப்ளிக் வேலைக்கு வடிவம் தேர்வு செய்யும்போது இந்தப் பாடத்தை மறக்காதீர்கள்: உருவம் பெரிதாகவும் எளிதாகவும், நிறம் அடித்துணியிலிருந்து எடுப்பாகவும் இருக்க வேண்டும்.

முதல் வடிவமாக வெற்றிலை அல்லது மாங்காய் போதும். சட்டை மடித்து வரும் அட்டையில் வடிவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். துணியை அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். உள்நோக்கி வளையும் இடங்களில் மட்டும் ஓரத்தில் சிறு வெட்டுகள் கொடுங்கள். வெளிநோக்கி வளையும் இடத்தில் வெட்டத் தேவையில்லை. பிறகு சோற்றுக் கஞ்சியை விரலால் தொட்டு ஓரத்தில் தடவி, கூர்முனையை முதலில் மடித்து, அட்டையின் மேல் ஓரத்தைத் திருப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கஞ்சி காய்ந்ததும் அட்டையை உருவிவிட்டால், ஓரம் பிரியாத விறைப்பான வெற்றிலை கையில் இருக்கும். அதைத் துணியில் வைத்து, வெற்றிலையின் நிறத்திலேயே உள்ள ஒற்றை இழை நூலால் தையுங்கள். ஊசி அடியிலிருந்து வந்து மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பற்றி, அதற்கு நேர் எதிரே அடித்துணியில் இறங்க வேண்டும். அப்போது தையல் கண்ணில் படாது. கூர்முனையிலும் பள்ளத்திலும் தையல்களை நெருக்கமாகப் போடுங்கள். அப்ளிக் வேலையை மேல்துணியில் மட்டும் முடித்துவிட்டு, அதன் பின்னரே அடுக்குகளைச் சேர்ப்பது எளிது. ஓட்டுத்தையல் வரிகள் உருவத்தின் மேல் ஏறாமல் அதன் ஓரத்தை ஒட்டி வளைந்து சென்றால் வெற்றிலை சற்றே புடைத்து நிற்கும்.

தாயாரைப் பற்றி நீங்கள் கேட்டதை இறுதியில் வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு அதிக அக்கறை அதில்தான். மேல்துணிக்குக் கட்டம் போட்ட செட்டிநாட்டுப் புடவை இருந்தால் அதையே எடுங்கள். நெசவிலேயே கட்டங்கள் ஓடுவதால் கோடு வரையாமலே ஒரு கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தைத்துப் போகலாம். வெளிர் துணியில் கருநீலமோ அரக்கோ போன்ற அடர்ந்த நூலைக் கொடுங்கள். வலக்கையால் தைப்பவரென்றால் இடப்பக்கச் சன்னலிலிருந்து பகல் வெளிச்சம் விழும்படி உட்கார வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணை வருத்த வேண்டாம். அப்ளிக் ஓரத்தை நீங்கள் தையுங்கள், நீண்ட வரிகளை அவர் தைக்கட்டும். பழகிய கைக்கு அந்த வரியைத் தைக்கப் பார்வையைவிட விரல்நுனியே அதிகம் உதவும்.

நூல் கோப்பதுதான் அவருக்குப் பெரும் துன்பமாக இருக்கும். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு மணி நேரத் தையலுக்குப் பத்து ஊசி நூல் போதும். காலையில் நீங்களோ வீட்டிலுள்ள பிள்ளைகளோ பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு சிறு ஊசிமெத்தையில் வரிசையாகக் குத்தி அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மாலையில் அந்தப் பத்து ஊசிகளும் மெத்தைக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே துணியை மடித்து வையுங்கள். நான்கு அடுக்குக்குள் புதைந்த ஊசி அன்று கண்ணில் படாது, யாராவது அதன்மேல் படுக்கும்போதுதான் தெரியவரும்.